தேடுபொறியை மாற்றப் போகிறீர்களா? எதைப் பார்த்துத் தேர்ந்தெடுப்பது, எங்கே மாட்டிக்கொள்வீர்கள்

தேடுபொறியை மாற்றுவது இரண்டு நிமிட வேலை என்பார்கள். பொத்தானை அழுத்த இரண்டு நிமிடம்தான். எதற்கு மாறுவது என்று முடிவு செய்வதற்குள்தான் எனக்கு மண்டை காய்ந்துவிட்டது. 'தனியுரிமைக்குச் சிறந்த பத்து தேடுபொறிகள்' வகைப் பட்டியல்கள் ஒன்றைப் பார்த்து ஒன்று எழுதியவை போலவே இருக்கின்றன. 2023-இல் மூடப்பட்ட நீவா என்ற தேடுபொறியை இன்னும் சிபாரிசு செய்யும் பட்டியலைப் பார்த்தால் அப்படியே மூடிவிடுங்கள். நான் சுற்றிய சுற்றை நீங்களும் சுற்ற வேண்டாம் என்பதற்காக, வேலையைச் செய்ய வேண்டிய வரிசையிலேயே எழுதுகிறேன்.

1. எதற்காக மாறுகிறீர்கள் என்று முதலில் முடிவு செய்யுங்கள்

மாற நினைப்பவர்களிடம் பொதுவாக இரண்டு மனக்குறைகள் இருக்கும். ஒன்று, 'என்னைக் கண்காணிக்கிறார்கள்'. இன்னொன்று, 'தேடினால் விளம்பரமும் குப்பையும்தான் வருகிறது'. இரண்டுக்கும் மருந்து ஒன்றே என்று நினைத்துக்கொண்டு இறங்குவதில்தான் குழப்பம் ஆரம்பிக்கிறது.

உங்கள் குறை இரண்டாவது மட்டும்தான் என்றால், கூகுளை விட்டு வெளியே வரக்கூடத் தேவையில்லை. முடிவுப் பக்கத்தின் மேலே 'வெப்' என்றொரு பிரிவு 2024 முதல் இருக்கிறது. சில சமயம் 'மேலும்' என்பதற்குள் ஒளிந்திருக்கும். அதைத் தொட்டால் ஏஐ சுருக்கம், வீடியோப் பெட்டி, 'மக்கள் இதையும் கேட்கிறார்கள்' எல்லாம் போய் வெறும் இணைப்புகள் மட்டும் வரும். தேடல் முகவரியின் கடைசியில் ஓர் ஆம்பர்சாண்ட் குறி, யூ-டி-எம் என்ற மூன்று ஆங்கில எழுத்துகள், சமக்குறி, 14 என்று சேர்த்தாலும் அதே பலன். ஆறாம் படியில் சொல்லும் முறைப்படி இதையே உங்கள் இயல்புத் தேடுபொறியாக வைத்துக்கொள்ளலாம். ஆனால் இதனால் தனியுரிமை துளியும் அதிகரிக்காது.

முதல் குறை என்றால், யாரிடமிருந்து மறைக்கப் பார்க்கிறீர்கள் என்று யோசியுங்கள். விளம்பர நிறுவனம் உங்களைப் பற்றிக் கோப்பு சேர்ப்பதைத் தடுக்கத் தேடுபொறியை மாற்றுவது உதவும். ஒரே கணினியைப் பயன்படுத்தும் வீட்டாரிடமிருந்து மறைக்க அது உதவாது. அதற்கு உலாவியின் தனிச் சாளரம் (இன்காக்னிட்டோ) போதும். அலுவலகக் கணினியில் கண்காணிப்பு மென்பொருள் இருந்தால் எந்தத் தேடுபொறியும் காப்பாற்றாது. இணைய சேவை நிறுவனத்துக்கு நீங்கள் எந்தத் தளத்துக்குப் போனீர்கள் என்பது தெரியும். தளத்துக்கும் உங்களுக்கும் இடையே போவதை மறையாக்கம் செய்யும் எச்டிடிபிஎஸ் இருப்பதால் என்ன தேடினீர்கள் என்பது தெரியாது. இது கூகுளுக்கும் பொருந்தும், மற்றவற்றுக்கும் பொருந்தும்.

'பெயர் இல்லாமல் வெறும் தேடற்சொற்களை வைத்து என்ன செய்துவிட முடியும்?' என்று கேட்பவர்கள் உண்டு. 2006-இல் ஏஓஎல் என்ற அமெரிக்க இணைய நிறுவனம் சுமார் ஆறரை லட்சம் பேரின் தேடல்களைப் பெயர்களை நீக்கி, எண்கள் மட்டும் போட்டு வெளியிட்டது. அந்தச் சொற்களை மட்டும் வைத்தே ஒரு பெண்ணின் வீட்டைப் பத்திரிகையாளர்கள் கண்டுபிடித்துவிட்டார்கள்.

2. முகப்பைப் பார்க்காதீர்கள், பின்னால் யார் என்று பாருங்கள்

இந்த ஒரு படியைச் சரியாகச் செய்தால் மற்றதெல்லாம் சுலபம். தேடுபொறி என்றால் இணையப் பக்கங்களைச் சுற்றிப் படித்து ஒரு பெரிய இன்டெக்ஸ், அதாவது பக்கங்களின் அட்டவணை, வைத்திருக்க வேண்டும். அதைச் சொந்தமாக வைத்திருப்பவர்கள் வெகு சிலர். மற்றவர்கள் அவர்களிடம் வாங்கி, தங்கள் பெயரில் தருகிறார்கள்.

டக்டக்கோவில் வரும் வழக்கமான இணைப்புகளும் படங்களும் பெரும்பாலும் மைக்ரோசாஃப்டின் பிங்கிலிருந்து வருபவை. யாஹூவும் அப்படித்தான். ஸ்டார்ட்பேஜ் முக்கியமாகக் கூகுள் முடிவுகளைத் தருகிறது. நடுவில் நின்று, நீங்கள் யார் என்பதை மறைத்துவிட்டுக் கேள்வியை மட்டும் அனுப்புகிறது. ஈகோசியா பிங்கையும் கூகுளையும் பயன்படுத்துகிறது. குவான்டும் நெடுநாள் பிங்கை நம்பியிருந்தது. ஈகோசியாவும் குவான்டும் சேர்ந்து ஐரோப்பாவுக்கென ஒரு தனி இன்டெக்ஸ் கட்டப்போவதாக 2024-இல் அறிவித்தன.

இதில் உள்ள கண்ணி என்னவென்றால், டக்டக்கோ பிடிக்கவில்லை என்று யாஹூவுக்கும், அது பிடிக்கவில்லை என்று இன்னொன்றுக்கும் தாவுபவர் அதே பிங் முடிவுகளைத்தான் வேறு வேறு நிறத்தில் பார்த்துக்கொண்டிருப்பார். கடைசியில் 'எல்லாம் ஒன்றுதான், கூகுள் மாதிரி வராது' என்று திரும்பிப் போவார். அவர் சோதித்தது ஒன்றே ஒன்றை.

சொந்த இன்டெக்ஸ் வைத்திருப்பவற்றில் புதியவர்களுக்கு ஏற்றது பிரேவ் சர்ச். 2021-இல் வந்தது, 2023-இல் பிங்கை நம்பியிருந்த மிச்சத்தையும் விட்டது. பிரேவ் உலாவி வேண்டும் என்பதில்லை, எந்த உலாவியிலும் வேலை செய்யும். மொஜீக் பிரிட்டனைச் சேர்ந்தது, 2004-இலிருந்து சொந்தமாகச் சுற்றிப் படித்து வருகிறது. அதன் கொள்கை எனக்கு மிகப் பிடிக்கும். ஆனால் இன்டெக்ஸ் சிறியது, தினசரி வேலைக்கு அதை மட்டும் வைத்துக்கொள்ளுங்கள் என்று சொல்ல மனம் வரவில்லை. பெரிய தளங்கள் மறைத்துவிடும் சின்னச் சின்னத் தனிப்பட்ட பக்கங்களைத் தோண்டி எடுக்க அருமையாக உதவும்.

சர்க்ஸ்என்ஜி வேறு ரகம். பல தேடுபொறிகளிடம் ஒரே நேரத்தில் கேட்டு முடிவுகளைக் கலந்து தரும் திறமூல மென்பொருள். தன்னார்வலர்கள் அதைத் தங்கள் சர்வர்களில் நிறுவிப் பொதுவுக்குத் திறந்துவிடுகிறார்கள். இங்கே இரண்டு விஷயங்களைக் கவனியுங்கள். அந்த சர்வரை நடத்துபவர் நினைத்தால் உங்கள் தேடல்களைப் பார்க்க முடியும். அதாவது ஒரு பெரிய நிறுவனத்துக்குப் பதிலாக முகம் தெரியாத ஒருவரை நம்புகிறீர்கள். அடுத்தது, பெரிய தேடுபொறிகள் இந்த சர்வர்களை அடிக்கடி தடுத்துவிடும், பாதி நாள் முடிவே வராது. 'அப்படியானால் நானே வீட்டில் நிறுவிக்கொள்கிறேன்' என்று கிளம்புபவர்களுக்கு: நீங்கள் ஒருவர் மட்டும் பயன்படுத்தினால், போகிற கேள்வி எல்லாம் உங்கள் வீட்டு ஐபி முகவரியிலிருந்தே (உங்கள் இணைய இணைப்பை அடையாளம் காட்டும் எண்) போகும். குக்கி (தளங்கள் உங்கள் உலாவியில் விட்டுவைக்கும் சிறு குறிப்பு) தொல்லை ஒழியும், கூட்டத்தில் கலந்து மறைவது நடக்காது.

2025 ஆகஸ்டில் மைக்ரோசாஃப்ட் தன் பிங் தேடல் ஏபிஐயை, அதாவது மற்ற நிறுவனங்கள் பிங் முடிவுகளை எடுத்துக்கொள்ளும் வழியை, மூடிவிட்டது. தனி ஒப்பந்தம் இல்லாமல் அதை நம்பியிருந்த சிறிய தேடுபொறிகளுக்கு இது பெரிய அடி. பெயர் தெரியாத புதிய ஒன்றைத் தேர்ந்தெடுக்குமுன் 'முடிவுகள் எங்கிருந்து வருகின்றன' என்று அவர்கள் உதவிப் பக்கத்தில் தேடுங்கள். பதிலே இல்லாவிட்டால் அடுத்ததைப் பாருங்கள்.

3. தனியுரிமைக் கொள்கையில் படிக்க வேண்டிய இடங்கள்

முழுதும் படிக்க வேண்டாம், கால் மணி நேரம் போதும். ஐபி முகவரியைச் சேமிக்கிறார்களா, சேமித்தால் எத்தனை நாள்? தேடற்சொல் யாருக்கெல்லாம் போகிறது, அதோடு ஐபியும் சேர்ந்து போகிறதா? விளம்பரத்தைத் தொட்டால் என்ன ஆகிறது? ஏஐ உரையாடல் வசதி இருந்தால் அதற்குத் தனிக் கொள்கையா? இந்த நான்குக்கும் பதில் கண்டுபிடியுங்கள். 'நாங்கள் உங்கள் தகவல்களை விற்பதில்லை' என்ற வரியை மட்டும் வைத்து எதையும் முடிவு செய்யாதீர்கள். விற்காமல் 'பகிர்ந்துகொள்ள' நிறைய வழி உண்டு.

டக்டக்கோவில் வரும் விளம்பரங்களைத் தருவது மைக்ரோசாஃப்ட். நீங்கள் விளம்பரத்தைத் தொட்டால் அவர்கள் சர்வர் வழியாகத்தான் போவீர்கள். அந்தத் தகவலைத் தனிநபர் கோப்போடு இணைப்பதில்லை என்பது அவர்கள் தரும் உறுதி. எனக்கு அது போதுமானதாகத் தோன்றுகிறது, உங்களுக்கு எப்படி என்று நீங்கள்தான் முடிவு செய்ய வேண்டும். ஈகோசியா விளம்பர வருமானத்தில் மரம் நடுகிறது, நல்ல காரியம். ஆனால் தனியுரிமைக்காக மாறுபவர்களின் முதல் தேர்வாக அதைச் சொல்லமாட்டேன்.

யாருக்குச் சொந்தம் என்பதையும் பாருங்கள். ஸ்டார்ட்பேஜ் நெதர்லாந்து நிறுவனம். 2019-இல் சிஸ்டம்1 என்ற அமெரிக்க விளம்பர நிறுவனத்தின் கிளை அதில் முதலீடு செய்ததும் பலர் முகம் சுளித்தார்கள். நான் இன்னும் பயன்படுத்துகிறேன், தெரிந்தே.

இன்னொரு குழப்பம்: ஒரே பெயரில் தேடுபொறியும் உலாவியும் இருக்கும். 2022-இல் மைக்ரோசாஃப்டின் சில கண்காணிப்பு நிரல்களைத் தடுக்காமல் விட்டதாக டக்டக்கோ மீது எழுந்த புகார் அதன் உலாவியைப் பற்றியது, தேடுபொறியைப் பற்றியதல்ல. அதே ஆண்டில் அதைச் சரிசெய்தார்கள். பாராட்டோ குற்றச்சாட்டோ படிக்கும்போது, எதைச் சொல்கிறார்கள் என்று பிரித்துப் பார்த்துக்கொள்ளுங்கள்.

4. உங்கள் தேடல்களை வைத்தே சோதியுங்கள்

மற்றவர்கள் போட்ட மதிப்பெண் உங்களுக்கு உதவாது. அவர்கள் தேடுவது வேறு, நீங்கள் தேடுவது வேறு. உலாவியின் வரலாற்றைத் திறந்து, கடந்த ஒரு மாதத்தில் உண்மையாகவே தேடியவற்றிலிருந்து இருபதை ஒரு தாளில் எழுதுங்கள். எல்லாம் ஒரே ரகமாக இல்லாமல் பார்த்துக்கொள்ளுங்கள்: ஒரு தளத்தின் பெயரை மட்டும் அடித்தது, ஏதோ பழுதைச் சரிசெய்யத் தேடியது, பொருள் வாங்குமுன் தேடியது, நேற்றைய செய்தி, பக்கத்தில் எங்கே இருக்கிறது என்று கேட்டது, எழுத்துப்பிழையோடு அடித்தது, எப்போதோ படித்து மறந்த பக்கம்.

பழைய தேடுபொறியையும் தனிச் சாளரத்தில், கணக்கில் நுழையாமல் திறந்து சோதியுங்கள். உங்கள் பல வருட வரலாற்றைத் தெரிந்துவைத்திருப்பதோடு, எதுவுமே தெரியாத ஒன்றை ஒப்பிடுவது நியாயமில்லை.

எப்படிப் பார்ப்பது என்று ஓர் உதாரணம். பிரிண்டர் 'ஆஃப்லைன்' என்று காட்டுகிறது. மாடல் எண்ணோடு சேர்த்துத் தேடுகிறீர்கள். முதல் முடிவு தயாரித்த நிறுவனத்தின் உதவிப் பக்கமா, இல்லை 'டிரைவர் அப்டேட்டர்' விற்கும் பக்கமா? இரண்டாவது, மூன்றாவது முடிவுகளைத் திறந்து, அந்த மாடல் எண் பக்கத்தில் எங்காவது இருக்கிறதா என்று தேடிப் பாருங்கள். பல தேடுபொறிகள் அரிதான சொல்லைச் சத்தமில்லாமல் விட்டுவிட்டு, மற்ற சொற்களுக்கு மட்டும் முடிவு தரும். மாடல் எண்ணை மேற்கோள் குறிக்குள் போட்டு மறுபடி தேடுங்கள். அப்போதும் எண்ணே இல்லாத பக்கங்கள் வந்தால், நுணுக்கமான தேடலுக்கு அது ஒத்துவராது என்று குறித்துக்கொள்ளுங்கள்.

தமிழில் தேடுபவர்கள் அதற்கென்று ஐந்து கேள்விகளாவது ஒதுக்குங்கள். 'குழந்தை இருமல்', 'குழந்தைகளின் இருமலுக்கு' இரண்டையும் தனித்தனியாக அடித்துப் பாருங்கள். வேற்றுமை உருபைப் புரிந்துகொள்ளாத தேடுபொறி, இரண்டையும் சம்பந்தமே இல்லாத சொற்களாக நினைத்து வேறு வேறு பக்கங்களைக் கொட்டும். அப்புறம் தங்கிலீஷில் அடித்துப் பாருங்கள். இன்டெக்ஸ் சிறியது என்றால் தமிழில்தான் அது முதலில் பல்லிளிக்கும்.

முதல் ஐந்து முடிவுகளுக்குள் விடை கிடைத்ததா என்று மட்டும் டிக் போடுங்கள். மூன்று தேடுபொறிகளுக்கு மேல் சோதிக்க வேண்டாம், அலுத்துவிடும். அந்த மூன்றும் வேறு வேறு இன்டெக்ஸாக இருக்கட்டும்: டக்டக்கோ, பிரேவ், ஸ்டார்ட்பேஜ். அதிக டிக் வாங்கியதை முதலாவதாகவும், அடுத்ததைக் கைக்கு உதவியாகவும் வைத்துக்கொண்டு இரண்டு வாரம் ஓட்டுங்கள். முதல் சில நாள் எரிச்சலாகத்தான் இருக்கும். அதில் பாதி, பக்கத்தின் அமைப்பு கண்ணுக்குப் பழகாததால் வரும் எரிச்சல்.

5. செலவு

இலவசமானவை விளம்பரத்தில் ஓடுகின்றன. தேடிய சொல்லுக்கு ஏற்ற விளம்பரம் வருவதில் தவறில்லை. உங்களைப் பற்றிய கோப்பைப் பார்த்து வருவதுதான் பிரச்சினை.

காசு கொடுத்து வாங்குவதில் பெயர்பெற்றது காகி. விளம்பரமே கிடையாது, பிடிக்காத தளத்தை முடிவுகளிலிருந்து நிரந்தரமாகத் தடுக்கலாம், பிடித்த தளத்தை மேலே ஏற்றலாம். முதல் 100 தேடல்கள் இலவசம். பிறகு மாதம் 5 டாலருக்கு 300 தேடல், 10 டாலருக்குக் கணக்கில்லை. 300 என்றால் நிறைய போலத் தோன்றும். ஒரு நாளைக்குப் பத்துதான். கணினி முன்னால் வேலை செய்பவருக்கு மதியத்துக்குள் முடிந்துவிடும். இன்னொன்று, காசு கட்டக் கணக்கு வேண்டும், கணக்கு என்றால் தேடலையும் ஆளையும் இணைக்க வாய்ப்பு இருக்கிறது. தேடல்களைச் சேமிப்பதில்லை என்று சொல்கிறார்கள். இணைக்கவே முடியாதபடி 'பிரைவசி பாஸ்' என்ற வசதியையும் 2025-இல் கொண்டுவந்தார்கள். அதை நீங்கள்தான் இயக்கிக்கொள்ள வேண்டும். என் யோசனை: முதல் மாதம் எதற்கும் காசு கட்டாதீர்கள். இலவசமானவற்றில் எது குறைகிறது என்று தெரிந்த பிறகு அந்த 100 தேடலைச் செலவழியுங்கள்.

'பாதுகாப்பான தேடல்', 'தனிப்பட்ட தேடல்' என்று விளம்பரம் செய்யும் உலாவி நீட்சிகளிடம் (எக்ஸ்டென்ஷன்) உஷாராக இருங்கள். இவற்றில் பல, இயல்புத் தேடுபொறியைத் தங்கள் பக்கம் திருப்பி விளம்பரக் காசு பார்ப்பதற்காகவே செய்யப்பட்டவை. 'எல்லாத் தளங்களிலும் உள்ள தரவுகளைப் படிக்கவும் மாற்றவும்' அனுமதி கேட்டால் நிறுவாதீர்கள். மேலே சொன்ன தேடுபொறிகளை வைக்கப் பெரும்பாலும் நீட்சியே தேவையில்லை.

6. மாற்றும் வேலை

கணினியில் க்ரோம்: அமைப்புகளில் 'தேடுபொறி' பகுதிக்குப் போய்ப் பட்டியலில் இருந்தால் தேர்ந்தெடுங்கள். இல்லாவிட்டால் தேடுபொறிகளையும் தளத் தேடலையும் நிர்வகிக்கும் பக்கத்தில் 'சேர்'. அங்கே பெயர், குறுக்குச் சொல், முகவரி மூன்றும் கேட்கும். பலர் திணறுவது முகவரியில்தான். புதிய தேடுபொறியின் தளத்தில் 12345 என்று தேடுங்கள். முடிவுப் பக்கத்தின் முகவரியை நகலெடுத்து, அதில் 12345 இருக்கும் இடத்தில் சதவீதக் குறியையும் எஸ் என்ற சிறிய ஆங்கில எழுத்தையும் இடைவெளி இல்லாமல் போடுங்கள். அவ்வளவுதான். தமிழ்ச் சொல்லைத் தேடி முயன்றால் முகவரியில் சதவீதக் குறிகளாகக் குவிந்து எது சொல், எது மற்றது என்று தெரியாது; அதனால்தான் எண்ணைச் சொல்கிறேன். ஃபயர்பாக்ஸில் தேடல் அமைப்புகளிலேயே எல்லாம் இருக்கிறது.

ஆண்ட்ராய்டில் க்ரோம்: 'சேர்' பொத்தான் கிடையாது. அந்தத் தேடுபொறியின் தளத்துக்குப் போய் ஒருமுறை ஏதாவது தேடிவிட்டு வந்தால், அமைப்புகளில் சமீபத்தில் பார்த்தவை என்று கீழே தோன்றும். முகப்புத் திரையில் உள்ள கூகுள் தேடல் பட்டை இதனால் மாறாது. உலாவியில் மாற்றிவிட்டு அந்தப் பட்டையிலேயே தட்டித் தட்டித் தேடிக்கொண்டிருப்பவர்கள் எத்தனையோ பேர். அதை நீக்கிவிட்டு, உங்கள் உலாவியின் விட்ஜெட்டை வையுங்கள். சில போன்களில் நீக்க விடாது, அப்போது வேறு லாஞ்சர் (முகப்புத் திரையை நடத்தும் செயலி) போட வேண்டும்.

ஐபோனில் சஃபாரி தரும் பட்டியல் சிறியது. டக்டக்கோ, ஈகோசியா இருக்கின்றன. பிரேவ், ஸ்டார்ட்பேஜ் வேண்டுமானால் வேறு உலாவி போடுவதே சுலபம். தனிச் சாளரத்துக்குத் தேடுபொறியைத் தனியாகத் தேர்ந்தெடுக்கும் வசதி இருப்பதால் அதையும் பார்த்து மாற்றுங்கள்.

மாற்றியதும் செய்ய வேண்டியவை இரண்டு. தட்டச்சு செய்யும்போதே வரும் பரிந்துரைகளை நிறுத்துங்கள். அவை வர வேண்டுமானால் நீங்கள் அடிக்கும் ஒவ்வொரு எழுத்தும் சர்வருக்குப் போக வேண்டும், அடித்துவிட்டு வேண்டாமென்று அழித்ததும் சேர்த்து. அடுத்தது, தேடுபொறியின் அமைப்புகளில் பிராந்தியம், ஏஐ பதில் வேண்டுமா என்பதைச் சரிசெய்யுங்கள். இவை குக்கியில் சேமிக்கப்படுவதால், உலாவியை மூடும்போது குக்கிகளை அழிப்பவர்களுக்குத் தினமும் பழைய நிலைக்கே திரும்பிவிடும். டக்டக்கோ, ஸ்டார்ட்பேஜ் இரண்டிலும் உங்கள் அமைப்புகளை முகவரிக்குள்ளேயே வைத்துச் சேமிக்க வழி இருக்கிறது. அந்த முகவரியைப் புக்மார்க் செய்துகொள்ளுங்கள்.

முடிவைத் தொட்டு ஒரு தளத்துக்குப் போன பிறகு தேடுபொறியின் காவல் முடிந்தது. அங்கே உங்கள் ஐபி தெரியும், கண்காணிப்பு நிரல்கள் ஓடும். யூபிளாக் ஆரிஜின் போன்ற விளம்பரத் தடுப்பான் இல்லாமல் தேடுபொறியை மட்டும் மாற்றுவது அரை வேலை. ஸ்டார்ட்பேஜில் ஒவ்வொரு முடிவுக்கும் பக்கத்தில் 'அனானிமஸ் வியூ' இருக்கும். அதன் வழியாகப் போனால் தளத்துக்கு உங்கள் ஐபி தெரியாது, பக்கம் சற்று மெதுவாகத் திறக்கும்.

7. கிடைக்காதபோது

டக்டக்கோவில் ஆச்சரியக்குறியோடு ஒரு குறுக்குச் சொல்லை அடித்தால் நேராக வேறு தளத்தில் தேடும். இதைப் 'பேங்' என்பார்கள். ஆச்சரியக்குறி, டபிள்யூ, பிறகு தேடற்சொல் என்றால் விக்கிப்பீடியா. பிரேவிலும் காகியிலும் இது உண்டு. ஆச்சரியக்குறியும் ஜி எழுத்தும் கூகுளுக்குக் கொண்டுபோகும், கைக்கு ரொம்பப் பழகிவிடும். அது மறைத்து அனுப்பாது, உங்களையே கூகுள் பக்கத்தில் கொண்டுபோய் இறக்கிவிடும். கூகுள் முடிவுதான் வேண்டுமென்றால் ஆச்சரியக்குறியோடு ஸ்டார்ட்பேஜ் என்று ஆங்கிலத்தில் முழுப்பெயரை அடியுங்கள்.

பக்கத்தில் என்ன திறந்திருக்கிறது, எந்நேரம் மூடும் போன்றவற்றில் மாற்றுத் தேடுபொறிகள் பின்தங்கித்தான் இருக்கின்றன. அதற்கு வரைபடச் செயலியையே திறந்துகொள்ளுங்கள். அதற்காக மொத்தத்தையும் கைவிட வேண்டாம்.

8. பழைய வரலாற்றை அழிப்பது

புதியதற்குப் போய்விட்டதால் பழையது தானாக அழியாது. கூகுள் கணக்கின் 'என் செயல்பாடு' பக்கத்தில் இதுவரை தேடியதெல்லாம் தேதி வாரியாக இருக்கும். 'இணையம் மற்றும் ஆப்ஸ் செயல்பாடு' என்பதை அணைத்துவிட்டு, இருப்பதை அழியுங்கள். முழுதாக அணைக்க மனமில்லாவிட்டால் தானாக அழிக்கும் வசதியில் 3, 18, 36 மாதங்கள் என்று இருப்பவற்றில் 3 மாதத்தைத் தேர்ந்தெடுங்கள். யூடியூப் வரலாறு தனி, அதற்குத் தனியாகச் செய்ய வேண்டும். க்ரோமில் கணக்கோடு நுழைந்து ஒத்திசைவைப் (சிங்க்) போட்டிருந்தால், நீங்கள் டக்டக்கோவில் தேடினாலும் அந்தப் பக்கத்தின் முகவரி தேடற்சொல்லோடு சேர்ந்து வரலாறாகக் கணக்குக்குப் போகும். ஒத்திசைவில் வரலாற்றை மட்டும் எடுத்துவிடுங்கள்.

அழிக்குமுன் ஒரு பிரதி வேண்டுமென்றால் கூகுளின் தரவுப் பிரதி வசதியான 'டேக்அவுட்' வழியாகக் கேளுங்கள். தயாராகச் சில மணி நேரம் ஆகலாம், சில நாள்கூட ஆகலாம். தயாரானதும் மின்னஞ்சல் வரும். பதிவிறக்கி, கோப்பு சரியாகத் திறக்கிறதா என்று பார்த்த பிறகு 'அழி' பொத்தானைத் தொடுங்கள். அதைத் திரும்பப் பெற வழி கிடையாது.